மாரி வந்தால் மாடு எங்கே போகும்?

"வயலை விட்டுவிட்டு மாட்டுக்கு வாருங்கள்" என்னும் யோசனை, படுவான்கரைப் பக்கம் போகும்போதெல்லாம் இப்போது என் காதில் விழுகிறது. சொல்பவர்கள் பல தரத்தினர். திட்ட வரைவோடு வாகனத்தில் வந்திறங்கும் அரசுசாரா நிறுவனத்தினர் ஒரு வகை. கொழும்பிலிருந்து வரும் பொருளாதார ஆலோசகர்கள் இன்னொரு வகை. இவர்கள் எல்லாரையும்விட உரத்துச் சொல்பவர்கள் புலம்பெயர்ந்த உறவினர்கள்தாம். என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த நண்பர் ஒருவர் ரொறன்ரோவில் இருக்கிறார். அவருடைய குடும்பத்துக்குப் பழுகாமத்தில் எட்டு ஏக்கர் வயல் உண்டு. தம்பியார் செய்கிறார். இரண்டு போகம் கைநட்டம். "வயலில் பாதியை விற்று, மீதியில் கொட்டில் போட்டு, ஐம்பது கறவை மாடு வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன். நீர் இவ்வளவு காலம் பத்திரிகையில் இருந்தவர், உமது அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டு எழுதியிருந்தார்.

அவருக்கு நான் எழுதிய பதில் நீண்டுவிட்டது. அதே கேள்வி வேறு பலரிடமும் இருக்கக்கூடும் என்பதால் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

பழுகாமத்தை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கம் விரிந்து கிடப்பது படுவான்கரை. களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் போரதீவுப்பற்று. பழுகாமம் அந்தப் பற்றின் பழைய ஊர்களில் ஒன்று. வாவியின் விளிம்பில் ஊர். அதற்கப்பால் வட்டை வட்டையாக வயல். இன்னும் மேற்கே போனால் மேட்டுநிலம், குளங்கள், காடு, அதற்குள் யானை. எழுவான்கரையில் கடையும் கந்தோரும் பள்ளிக்கூடங்களும் பெருகியபோது, அவர்கள் உண்ட சோற்றுக்கு நெல்லையும் தயிர்ச்சட்டிக்குப் பாலையும் அனுப்பிக்கொண்டிருந்தது படுவான்கரை. நெல்லும் பாலும் ஒரே கரையிலிருந்து, பெரும்பாலும் ஒரே குடும்பத்திலிருந்து வந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்றைய ஆலோசகர்கள் நெல்லையும் மாட்டையும் இரு வேறு தொழில்களாகப் பார்க்கிறார்கள். ஒன்றை விட்டு மற்றதற்குத் தாவுவது, கடையை மூடிவிட்டுப் பக்கத்துக் கட்டடத்தில் வேறு கடை திறப்பதுபோல அவர்களுக்குத் தோன்றுகிறது. மட்டக்களப்பில் அவை ஒருபோதும் இரண்டு தொழில்களாக இருந்ததில்லை. ஒரு போடியாரின் செல்வத்தைச் சொல்லும்போது இத்தனை அவணம் விதைப்பு என்பதோடு இத்தனை பட்டி மாடு என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். உழவுக்கு மாடு, சேறு மிதிக்க எருமை, அறுத்துக் குவித்த சூட்டை மிதித்து நெல்லைப் பிரிக்கவும் மாடு. குடிக்கொரு குறி சுட்டு மாடுகளை அடையாளம் வைத்தார்கள். வைக்கோல் மாட்டுக்குப் போயிற்று, சாணம் வயலுக்கு வந்தது. வைக்கோலுக்கும் சாணத்துக்கும் எவரும் காசு கொடுத்ததில்லை.

இந்த ஒழுங்குக்கு ஓர் ஆண்டுச் சுற்று இருந்தது. புரட்டாதி, ஐப்பசியில் பெரும்போக விதைப்பு. அதற்கு முன்னர் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புக்குரிய நாள் குறிக்கப்படும். நீர் திறக்கும் நாள் குறிக்கப்படும். கூடவே, வயற்பரப்பிலிருந்து மாடுகளை அகற்றவேண்டிய இறுதி நாளும் குறிக்கப்படும். வட்டை விதானைமார் அதனை அறிவிப்பார்கள். அந்த நாள் வந்ததும் பட்டிகள் மேற்கே, காட்டோர மேய்ச்சற்றரைகளுக்கு நடக்கத் தொடங்கும். மேய்ப்பவர்கள் அங்கே வாடி அடித்துத் தங்குவார்கள். தையிலும் மாசியிலும் அரிவி வெட்டு முடிந்தபின் மாடுகள் ஒட்டுத்தாள் மேய மீண்டும் வயலுக்கு இறங்கும். இந்தச் சுற்று இன்றைக்கும் முற்றாக மறைந்துவிடவில்லை. கூட்டங்கள் நடக்கின்றன, மாடுகளை அகற்றும் திகதியும் தவறாமல் குறிக்கப்படுகிறது. அகற்றப்பட்ட மாடு எங்கே போகும் என்பதற்கு மட்டும் பதில் குறைந்துகொண்டே வருகிறது.

எப்படிக் குறைந்தது? முதலில் உழவு இயந்திரம் வந்து மாட்டின் வேலையை எடுத்துக்கொண்டது. பின்னர் அறுவடை இயந்திரம் வந்து சூடு மிதிப்பைக் கதையாக்கிற்று. அது வைக்கோலை வயலெங்கும் சிதறிவிட்டுப் போகிறது. சேர்த்தெடுக்கக் கூலி கட்டாது என்று பலர் கொளுத்திவிடுகிறார்கள். (தீவனம் இல்லை என்று மாட்டை விற்பவரும் வைக்கோலைக் கொளுத்துபவரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.) இடையிலே யுத்தம். 2007 மார்ச்சில் படுவான்கரையே வெறுமையாகி மக்கள் பாலங்களைக் கடந்து ஓடியபோது, கையில் பிடித்துக் கொண்டுபோகக்கூடியவற்றோடுதான் போனார்கள். மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எவரும் அகதிமுகாமுக்குப் போவதில்லை. திரும்பி வந்தபோது வயல் அங்கேயே கிடந்தது, பட்டிகளைக் காணவில்லை. படுவான்கரைக் குடும்பங்கள் நெல்லை மட்டும் நம்பத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெல் மட்டும் என்றானபின் நெல் என்ன செய்தது? 2021 ஏப்ரலில் அன்றைய சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போக விதைப்பு முடிந்துகொண்டிருந்தது. 2021–22 பெரும்போக விளைச்சல் நாடு முழுவதும் சரிந்தது. அந்த மாதங்களில் சேதனப் பசளையைச் சீனாவிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். அதில் தீங்கான நுண்ணுயிர்கள் இருப்பதாக நம் நாட்டு ஆய்வுகூடம் சொல்லிற்று. கப்பல் இறக்கப்படாமலே திரும்பியது. ஆனாலும் 2022 சனவரியில் ஏறத்தாழ 70 இலட்சம் டொலர் அதற்காகச் செலுத்தப்பட்டது. சாணம் கப்பலில் வரவேண்டிய நிலைக்கு மாடு மேய்த்த ஒரு நாடு வந்து சேர்ந்த கதையை எந்த நகைச்சுவை எழுத்தாளனும் கற்பனை செய்திருக்கமாட்டான்.

பசளை திரும்பி வந்தபின் விலை. 2025 பெப்ரவரி முதல் வாரத்தில் அரசு நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தது: கிலோவுக்கு நாடு 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. விலை போதுமா போதாதா என்று கட்சிகள் வாதிட்டன. என் கவலை வேறு. கிழக்கில் அரிவி வெட்டு தை மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. கடன்காரன் களத்துக்கே வந்து நிற்பான். நெல்லைக் காயவைத்துக் களஞ்சியத்தில் வைத்திருக்கச் சிறு விவசாயிக்கு வசதியில்லை. பச்சை நெல்லாகவே வியாபாரிக்குப் போய்விடுகிறது. பெப்ரவரியில் அறிவிக்கும் விலை சனவரியில் விற்றவனுக்கு எதற்கு? இத்தோடு வெள்ளம். 2011 சனவரியிலும் பெப்ரவரியிலும் பார்த்தோம். 2024 நவம்பர் இறுதியில் மறுபடி பார்த்தோம். விதைத்த வயல் வாவியோடு சேர்ந்து ஒரே நீர்ப்பரப்பாகக் கிடந்தது.

ஆகவே நெல்லை விட்டு விலக நினைப்பவர் மூடரல்லர். ரொறன்ரோ நண்பரின் தம்பியாரை நான் குறை சொல்லவில்லை. மாட்டின் பக்கத்திலும் நியாயம் பலமாகவே இருக்கிறது. நெல் ஆண்டுக்கு ஒருமுறை, நீர்ப்பாசனம் உள்ள இடத்தில் இருமுறை பணம் தரும். பால் நாளுக்கு நாள் தரும். அந்தக் காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கைக்கு வரும். பிள்ளையின் கொப்பிக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் போகும். சந்தையும் இருக்கிறது. இலங்கை தன் பால் தேவையில் பாதியைக்கூட உள்நாட்டில் உற்பத்தி செய்வதில்லை. 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பொதி 790 ரூபாவாக ஏறியதையும், அந்த விலைக்கும் கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்றதையும் மறந்திருக்கமாட்டீர்கள். மட்டக்களப்பு எருமைத் தயிருக்குப் பெயர் உண்டு. அதற்கு விளம்பரமே வேண்டியதில்லை.

பின் ஏன் தயங்குகிறேன்? சென்ற முறை பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால், எழுபது வயது கடந்த ஒரு பட்டிக்காரரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் இருநூறு மாடு வைத்திருந்தவர்; இப்போது முப்பதுக்குள். அவரிடம் இதே கேள்வியைப் போட்டேன். "ஐயா, வயலைக் குறைச்சு மாட்டைக் கூட்டினால் என்ன?" அவர் சிரித்தார். "கூட்டலாம் தம்பி. மாரிக்கு அதுகள எங்க கொண்டு கட்டுற? அதையும் கேட்டு எழுதுங்க."

அவர் கேட்டதைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். ஐப்பசி முதல் தை வரை படுவான்கரையின் தாழ்நிலமெல்லாம் நெல் அல்லது வெள்ளம். நம் நாட்டு மாடு கொட்டிலில் கட்டி வளர்க்கும் சாதியல்ல; ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை லீற்றர் பால் கறப்பது. அதைத் தீவனம் வாங்கிப் போட்டு வளர்த்தால் கணக்கு ஒருநாளும் நேராகாது. அது நடந்து மேய்ந்தால் மட்டுமே இலாபம். மேய நிலம் வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் ஓரிரு நாளில் இறந்தன. வெட்டவெளியில், மழையில் நனைந்து, வயிறு நிறையாமல் நின்ற மாடுகள் அவை. வெள்ளத்தில் நெல் அழிந்தால் ஒரு போகம் போகும். மாடு அழிந்தால் அந்தப் பட்டியை மீண்டும் ஆளாக்கப் பல ஆண்டுகள் வேண்டும்.

மேய்ச்சற்றரையின் கதியை அறிய மயிலத்தமடு, மாதவனையைப் பார்க்கவேண்டும். அது பழுகாமத்திலிருந்து வடமேற்கே தொலைவில், மாவட்டத்தின் எல்லைப் புறத்தில் உள்ளது. செங்கலடி, கிரான் பக்கத்துப் பண்ணையாளர்களின் மாடுகள் தலைமுறைகளாக மாரியில் ஏறிச்சென்ற வெளி. நிலம் மகாவலி அதிகார சபையின் ஆளுகைக்குள் இருக்கிறது. 2020இல் அன்றைய கிழக்கு ஆளுநர் காலத்தில் வெளிமாவட்டத்தார் அங்கே சோளம் செய்ய வந்தார்கள். காடு வெட்டப்பட்டது, வேலிகள் முளைத்தன, மாடுகள் சுடப்பட்டன, வெட்டப்பட்டன, பொறிகளில் அகப்பட்டன. 2023 செப்டம்பர் 15ஆம் திகதி பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்து போராட்டம் தொடங்கினார்கள். ஓராண்டு நிறைவையும் அதே கொட்டகையில்தான் கண்டார்கள். இங்கே நடந்த மாற்றம் எந்தத் திசையில் என்பதைக் கவனியுங்கள். மாடு மேய்ந்த நிலத்தில் தானியத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் தானியத்தை விட்டுக் கால்நடைக்கு வா என்று ஆலோசனை. மறுபக்கம் கால்நடை நின்ற இடத்தில் தானியம். இரண்டும் ஒரே அரசின் கீழ், ஒரே மாவட்டத்தில். இதில் இனப்பிரச்சினை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அதை மூடி மறைக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் அதை மட்டும் பார்ப்பவர்கள் மாட்டை மறந்துவிடுகிறார்கள். தமிழர் பகுதிகளுக்குள்ளேயே, தமிழரே அடைத்துக்கொண்ட மேய்ச்சல் வெளிகளைப் பற்றியும் பேசவேண்டும். அது வாக்குக்கு உதவாத பேச்சு என்பதால் அரசியல்வாதிகள் பேசுவதில்லை.

"மேய்ச்சல் வேண்டாம், உயர்சாதி மாடு வாங்கிக் கொட்டிலில் கட்டலாமே" என்பார்கள். 2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஐயாயிரம் கறவைப் பசுக்களை இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். கடன்பட்டு வாங்கிய பலர் கடனோடு மிஞ்சினார்கள். நோயில் இறந்தவை பல, கன்று தங்காதவை பல, சொல்லப்பட்ட அளவு பால் கறக்காதவை பல. அவற்றை வாங்கியோரில் பலர் நம் நண்பரின் தம்பியாரைவிட வசதியானவர்கள். சுட்டெரிக்கும் வைகாசி வெயிலில் பழுகாமத்துத் தகரக் கொட்டிலுக்குள் அத்தகைய மாடு என்ன பாடுபடும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. பாலின் விலையை நிர்ணயிப்பவரும் மாடு வளர்ப்பவரல்லர். சேகரிப்பு நிலையத்தில் கொழுப்பும் கொழுப்பற்ற திண்மமும் அளக்கப்பட்டு, அதன்படியே காசு. அளவுகோல் வாங்குபவர் கையில். நெல் ஆலைக்காரரிடமிருந்து தப்பி இன்னொரு வாசலில் வரிசையில் நிற்பதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த மாற்றத்தை வெற்றிகரமாகச் செய்த ஒரு தேசம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டென்மார்க் பிரித்தானியாவுக்குத் தானியம் விற்று வாழ்ந்தது. 1864இல் பிரசியாவோடும் ஒஸ்திரியாவோடும் போரிட்டுத் தோற்று, நாட்டின் ஒரு பெரிய பகுதியை இழந்தது. அதற்கு மேல், 1870களில் அமெரிக்கத் தானியமும் ரசியத் தானியமும் புகைவண்டியிலும் நீராவிக் கப்பலிலும் வந்து குவிய, விலை வீழ்ந்தது. ஜேர்மனியும் பிரான்சும் சுங்கவரி போட்டுத் தம் தானியத்தைக் காத்தன. டேனியர்கள் அந்த மலிவுத் தானியத்தையே வாங்கி மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டு, வெண்ணெயும் பன்றியிறைச்சியுமாக விற்றார்கள். 1882இல் மேற்கு யட்லாந்தின் ஹெடிங் என்னும் சிற்றூரில் முதலாவது கூட்டுறவுப் பாற்சாலை தோன்றிற்று. சில ஆண்டுகளுக்குள் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கில் பரவின. எத்தனை மாடு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது அவற்றின் பொது வழக்கம். வெண்ணெய் எடுத்த பால் உறுப்பினருக்கே திரும்பி வந்து பன்றிக்குத் தீனியாயிற்று.

புலம்பெயர் வாசகர்களில் பலர் டென்மார்க்கிலேயே வாழ்கிறீர்கள். யட்லாந்தின் பண்ணைகளில் கால்வைத்தும் இருப்பீர்கள். நீங்கள் பார்க்கும் அந்தப் பச்சை வயல்களில் இன்றும் தானியம் விளைகிறது. பயிரைக் கைவிடாமல் அதை மாட்டின் வழியாக அனுப்பினார்கள். மாட்டை வாங்க முன்னரே கூட்டுறவும், அதற்கு முன்னரே மக்கள் உயர்கல்விச்சாலைகளும் அவர்களிடம் இருந்தன. குஜராத்தின் ஆனந்தில் 1946 முதல் நடந்ததும் சாரத்தில் இதுவே. அங்கே எருமை வளர்த்தவர்கள் வயலை விற்கவில்லை.

நண்பருக்கு நான் எழுதியதன் நடைமுறைப் பகுதி இதுதான். வயலை விற்காதீர். நெற்காணியை வேறு தேவைக்கு மாற்றுவதானால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். அதை அறியாமல் கொட்டிலுக்கு மண் நிரப்பி வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர். எட்டு ஏக்கரில் தண்ணீர் ஏறாத மேட்டுத்துண்டு ஒன்று இருக்கும். மழைக்கு மாடு நிற்கும் கொட்டிலை அங்கே போடலாம். பக்கத்தில் கால் ஏக்கருக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த சீ.ஓ. 3 புல்லை நடலாம். நம் கால்நடை வைத்திய அலுவலகங்களே தண்டு கொடுக்கின்றன. ஐம்பது மாடு வேண்டாம். ஐந்து போதும், அதுவும் நாட்டுமாட்டுக் கலப்பு. அறுவடை இயந்திரக்காரன் போனதும் வைக்கோலைக் கட்டி அடுக்க ஆள் பிடியும். அதில் யூரியாக் கரைசல் தெளித்து மூடிவைத்துப் பதப்படுத்தும் முறையைக் கால்நடை அலுவலரிடம் நேரில் கேட்டுச் செய்யும். அளவு பிசகினால் மாட்டுக்கு நஞ்சு. சாணத்தை வயலுக்கு இறக்கினால் பசளைச் செலவு கொஞ்சமாவது குறையும்.

ரொறன்ரோவிலிருந்து அனுப்ப வைத்திருக்கும் மிகுதிப் பணம்? அதை நாற்பத்தைந்து மாடுகளாக்காமல், ஊரிலுள்ள பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து பாலைக் குளிரூட்டவும் தயிர் போடவும் ஓர் இடமாக்கலாம். தயிராக விற்கும் பாலுக்குச் சேகரிப்பு நிலையத்தின் அளவுகோல் தேவையில்லை. நிர்வாகத்தை ஊர்ப் பெண்களிடம் கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். நம் ஆண்களின் கூட்டுறவுச் சங்கங்கள் எப்படி முடிந்தன என்பதை நான் செய்தியாகவே நிறைய எழுதியிருக்கிறேன்!

மேய்ச்சற்றரையை மட்டும் எந்த நண்பரும் பணம் அனுப்பி வாங்கிவிட முடியாது. அதைப் பிரதேச செயலகம் அளந்து எல்லைக்கல் நட வேண்டும். வர்த்தமானியில் வெளியிட வேண்டும். மகாவலியோ வனத் திணைக்களமோ நாளை வந்து "இது எங்களுடையது" என்று சொல்லாதபடி எழுத்தில் இருக்கவேண்டும். போரதீவுப்பற்றின் அடுத்த பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில், மாடுகளை அகற்றும் திகதியை வாசிக்கும் அதே வேளையில், அவை போய் நிற்கவேண்டிய இடத்தின் பெயரையும் பரப்பையும் சேர்த்து வாசிக்கும்படி விவசாயிகள் கேட்கலாம். வெள்ளாவெளியில் கூட்டம் நடக்கும். திகதி கமநல சேவை நிலையத்தில் முன்கூட்டியே தெரியும். நண்பரின் தம்பியாரும் போவதாகச் சொல்லியிருக்கிறார்.